நாற்பதாயிரம் பேர்

தொப்பை வைத்த ஆளுக்கு பேண்ட் வெட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்காரர்களே அதில் கோட்டை விட்டிருக்கிறார்கள். நிற்கும்போது சரியாக இருக்கும், உட்கார்ந்தால் பின்னால் இறங்கும், குனிந்தால் மானம் போகும். இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு பெண்பிள்ளை. அதுவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்து வெட்டினார்கள், இவர் உடம்பைப் பார்த்து வெட்டினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

தொழிலில் இருப்பவர்கள் அவரை அளவுக்காரம்மா என்பார்கள். பத்து வயதில் ரெடிமேட் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனவர். தைத்து முடித்த துணியில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரித்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. மற்ற பெண்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில், இவர் மட்டும் கட்டிங் மேசையோரம் போய் நிற்பார். விரட்டினால் நகர்ந்து இந்தப் பக்கம் வந்து நிற்பார். பழைய துணிக் கடையில் கிழிந்த பேண்ட்டாகப் பார்த்து வாங்கிவந்து, தையலைப் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு முறைத்துப் பார்ப்பார். வாத்தியார் கிடையாது. அந்தக் கந்தல்தான் வாத்தியார்.

பிறகு தொப்பையில் இறங்கினார். பேருந்தில், ஆஸ்பத்திரி வரிசையில், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில், எங்கே தொப்பை தெரிந்தாலும் கண் அங்கேதான்.

"ஆம்பளைங்க வயித்தைப் பார்த்துப் பார்த்தே என் பாதி ஆயுசு போச்சு. கட்டின மனுசனைக்கூட அவ்ளோ உத்துப் பார்த்ததில்ல" என்பார் சிரித்துக்கொண்டே. அந்த மனிதர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது.

கண்டுபிடித்தது இதுதான். எல்லோரும் இடுப்புப் பட்டையை நேராகப் போடுகிறார்கள். தொப்பைக்காரனுக்கு இடுப்பு நேராகவா இருக்கிறது? முன்னால் சரிந்து, பின்னால் ஏறி நிற்கிறது. பட்டையும் அதே சாய்வில் ஓட வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதில்தான் சூட்சுமம். அதற்கு அவருக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது. ஒல்லி ஆளின் சின்னத் தொப்பையிலிருந்து உட்கார்ந்தால் முழங்காலைத் தொடும் தொப்பை வரை நாற்பத்திரண்டு அளவுகளில், துணி மேல் வைத்து வெட்டுவதற்கான பேட்டர்ன் அட்டை வெட்டினார். ஒவ்வொரு அட்டையிலும் பின்பக்கத் துண்டின் ஓரத்தில், தைத்தால் உள்ளே மறைந்துவிடும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு வைப்பார். அது எதற்கும் தேவையில்லை. தன்னுடையது என்று தெரிய வேண்டும், அதற்காக.

விரல் மூட்டுகள் வீங்கி, கத்தரிக்கோலில் விரல் நுழையாமல் போன வருஷம், மருமகள்தான் ஒரு வழி செய்தாள். அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டிலேயே காகிதத்தில் அச்செடுத்து ஒட்டிக்கொள்கிற மாதிரி ஃபைலாக்கி, இணையத்தில் விற்பனைக்குப் போட்டாள். முதல் பக்கத்தில் மாமியாரின் படம், பெயர். கண்ணுக்குத் தெரியாத ஊர்களிலிருந்து ஒவ்வொருவராக வாங்கினார்கள். அளவுக்காரம்மாவின் சாப்பாடும் மருந்தும் அந்த வருமானத்தில்தான் ஓடின. மகன் கையை எதிர்பார்க்காமல் ஓடின என்பது அவருக்கு இன்னும் பெரிது.

"எப்படிப் போகுது வியாபாரம்?" என்று யாராவது கேட்டால், "ஆயிரக்கணக்குல போகுது. உலகம் பூரா என் பேண்ட்தான்" என்பார். மூன்று வருஷத்தில் போனது இருநூற்றுப் பன்னிரண்டு. அது வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கூட்டிச் சொல்வது அவருக்குப் பொய்யாகப் பட்டதே இல்லை. தைக்கிறவர்கள் துணியில் ஓரத்துக்கு இரண்டு விரல் கூடுதலாக விடுவதில்லையா, பேச்சிலும் அப்படித்தான். கம்பெனியில் அடங்கிப் பேசியவர்கள் கடைசிவரை பிசிறுதான் வெட்டினார்கள். வாயைத் திறந்தவர் மேசைக்குப் போனார். இந்தப் பாடத்தை அவர் பத்து வயதில் படித்தார், பிறகு மறக்கவில்லை.

திடீரென்று ஒரு மாதம் ஒருவரும் வாங்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை.

"சீசன் இல்ல போல அத்தை" என்றாள் மருமகள்.

"தொப்பைக்கு ஏதுடி சீசன்?"

மூன்றாவது மாதம், கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது முன்னால் ஒரு பெரிய மனிதர் எழுந்து நடந்தார். பின்பக்கம் இம்மி இறங்கவில்லை. அளவுக்காரம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"சார், ஒரு நிமிசம். இந்த பேண்ட் யார் வெட்டினது?"

"ஏன்மா?"

"பின்பக்கப் பட்டையைக் கொஞ்சம் மடிச்சுக் காட்டுறீங்களா?"

"என்னம்மா இது, ஆஸ்பத்திரியில வச்சு!" என்று மனிதர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் விடவில்லை. தான் யார், எப்பேர்ப்பட்டவர் என்று ஒரு பாட்டம் சொல்லி முடித்ததும், அவர் தலையெழுத்தே என்று ஓரத்தை மடித்துக் காட்டினார். இரண்டு சின்ன வெட்டுகள் இருந்தன.

கடையை விசாரித்துக்கொண்டு போனால், அந்த மனிதரின் தையல்காரர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதோ இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. போனை எடுத்துக் காட்டினார். தையல்காரர்கள் பதினோராயிரம் பேர் சேர்ந்திருக்கும் ஒரு குரூப். அதில் நாற்பத்திரண்டு அளவும் முழுசாகக் கிடந்தன, முதல் பக்கத்தில் அளவுக்காரம்மாவின் படத்தோடு. மேலே ஒருவர் எழுதியிருந்தார்: "நம்ம அக்கா போட்ட பேட்டர்ன். தொப்பைக்கு இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. எல்லாரும் எடுத்துக்குங்க. அக்கா பேரை மட்டும் அழிச்சிடாதீங்க."

எழுதியவர் யாரென்று அளவுக்காரம்மாவுக்குத் தெரியும். பேருந்தில் ஆறு மணி நேரத் தொலைவில் சின்னக் கடை வைத்திருக்கும் கட்டிங் மாஸ்டர். போன வருஷம் ஃபைலை வாங்கிவிட்டு, போன் போட்டு, "அக்கா, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா" என்று அரை மணி நேரம் பேசியவர். அந்தப் பேச்சை அளவுக்காரம்மா அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது பார்த்தால், பதினெட்டு வருஷ உழைப்பை ஒருத்தன் ஊருக்கே வாரி விட்டிருக்கிறான்.

இணையத்தில் பிறர் பொருளைப் பகிர்கிறவர்களைப் பிடிப்பதற்கென்று புதிதாக ஒரு போலீஸ் பிரிவு வந்திருந்தது. மருமகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். சுவரில் பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. அதிகாரி நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார்.

"பிரிவு ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சும்மா. எல்லாரும் பேரை அழிச்சுட்டுப் போடுறான், பிடிக்க முடியல. இந்த ஆளு தன் பேரு, உங்க பேரு, கடை போன் நம்பர் எல்லாத்தோடயும் போட்டிருக்கான். நமக்கு வசதியாப் போச்சு. உங்க பேட்டர்னை எத்தனை பேர் எடுத்திருப்பாங்க?"

"எத்தனை பேரா? தொப்பை இல்லாத ஊர் எது சார்?"

"அப்படி எழுத முடியாதும்மா. ஒரு எண்ணா சொல்லுங்க. அந்த குரூப்புல போட்டதை முன்னூத்துப் பதினேழு பேர் எடுத்ததாத்தான் மெஷின் காட்டுது."

முன்னூற்றுப் பதினேழு. அவ்வளவுதானா என்று இருந்தது அளவுக்காரம்மாவுக்கு. திருட்டுப் போனதிலும் தன் பொருளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"மெஷினுக்கு என்ன தெரியும்? அவன் எடுத்து இன்னொருத்தனுக்கு அனுப்புவான், அந்த இன்னொருத்தன் பத்துப் பேருக்கு அனுப்புவான். தொழில்ல கிடக்கறவ நான் சொல்றேன். நாப்பதாயிரம்னு போடுங்க. அதுவும் குறைச்சுத்தான் சொல்றேன்."

மருமகள் மேசைக்கடியில் அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் கையை நகர்த்திக்கொண்டார். அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"பத்தாயிரத்தைத் தாண்டினாலே வேற செக்ஷன்மா" என்றார் எழுதிக்கொண்டே. என்ன செக்ஷன் என்று அளவுக்காரம்மா கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் கட்டிங் மாஸ்டரைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மேசை மேல் பாதி வெட்டிய துணி அப்படியே கிடந்ததாம். ஜாமீனில் வெளியே வந்ததும் மனைவியோடு நேராக அளவுக்காரம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒடிசலான ஆள், ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. அதைக் கழற்றவே மறந்து ஆறு மணி நேரம் பயணம் வந்திருக்கிறார்.

"அக்கா..."

"யாருக்கு யார் அக்கா?"

"திருடணும்னு போடலக்கா. எங்க தெருவுல ஒருத்தருக்கு உங்க பேட்டர்ன்ல வெட்டிக் குடுத்தேன். பத்து வருசமா ஒரு கையால பேண்ட்டைப் பிடிச்சுக்கிட்டே நடந்த மனுசன் ரெண்டு கையையும் வீசிக்கிட்டுப் போனாரு. அதைப் பார்த்த சந்தோசத்துல போட்டுட்டேன்."

"சந்தோசம் உனக்கு. வயித்துல ஈரத்துணி எனக்கா?"

"உங்க பேரோடத்தானே போட்டேன்க்கா. அழிக்காதீங்கன்னு எழுதினேனே. நாங்க கடையில ஒருத்தர்கிட்டக் கத்துக்கிட்டா அவங்க பேரைச் சொல்லித்தான் அடுத்தவனுக்குச் சொல்லித் தருவோம். அந்தப் பழக்கம்."

"பூட்டை உடைச்சு எல்லாத்தையும் தூக்கிட்டு, வீட்டுக்காரம்மா பேரை வாசல்ல எழுதி வச்சுட்டுப் போனா அது திருட்டில்லையா?"

மாஸ்டரின் மனைவி முன்னால் வந்தார்.

"தப்புத்தான்க்கா. இல்லைன்னு சொல்ல வரல. குரூப்புல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு எழுதச் சொல்லுங்க, எழுதுவாரு. உங்க வீட்டுக்கு வந்து வேலை செய்யச் சொல்லுங்க, செய்வாரு. உள்ள மட்டும் அனுப்பிடாதீங்க. பத்தாயிரம் பேருக்குக் கீழன்னா எச்சரிச்சு விட்டுடுவாங்களாம். மேல போனா ரெண்டு வருசம், ஜட்ஜே நினைச்சாலும் குறைக்க முடியாதாம். வக்கீல் சொன்னாரு. நாப்பதாயிரம்னு எழுதியிருக்கீங்க. அது... நிஜமாத்தானா அக்கா?"

கேட்ட விதத்தில் குத்தலே இல்லை. மருத்துவரிடம் நோயைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் மருமகள் கதவோரம் நின்றிருந்தாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள், அரை மணி நேரமாக ஒரே துணியை.

"நான் பொய் சொன்னேங்கறியா? எனக்கு நாப்பதாயிரம் பேர் இருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறியா? கிளம்புங்க ரெண்டு பேரும். கோர்ட்டுல பார்த்துக்கலாம்."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். மருமகள் தட்டை எடுத்து வைத்தாள், சோற்றைப் போட்டாள், எதிரே உட்கார்ந்தாள்.

"இருநூத்துப் பன்னெண்டு, அத்தை" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அளவுக்காரம்மா. தட்டைத் தள்ளி வைத்தார்.

நாலு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு ஐந்தாம் நாள் அதிகாரியிடம் போனார். மன்னிப்பு எழுதட்டும், விட்டுவிடலாம் என்றார்.

அதிகாரி சிரித்தார். "நீங்க விட என்னம்மா இருக்கு? இது இப்ப உங்க கேஸ் இல்ல, அரசாங்கத்துக் கேஸ். முதல் கேஸ் வேற. இந்த ஆளுக்குக் கிடைக்கிறதைப் பார்த்துத்தான் மத்தவன் பயப்படணும்."

"அந்த எண்ணு மட்டும் கொஞ்சம்..."

"அதை மாத்திச் சொல்றதுன்னா கூண்டுல ஏறித்தான் சொல்லணும். யோசிச்சுக்குங்க. எங்களை அலைய விட்டதுக்கு உங்களையும் கேள்வி கேப்பாங்க."

கேட்டால் கேட்கட்டும் என்று முடிவு செய்தார். நீதிமன்றத்துக்குப் போகிற அன்று காலையில், தலை வாரிக்கொண்டே மருமகளிடம், "வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்னு சொல்லிடறேன். இருநூத்துப் பன்னெண்டுதான்னு சொல்லிடறேன். போதுமா?" என்றார். மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இந்த முடிவை மாஸ்டரின் மனைவிக்கோ அவர் வக்கீலுக்கோ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. முன்கூட்டியே போய்த் தலைகுனிந்து நிற்பதா? அங்கே கூண்டில் ஏறி, எல்லோரும் எதிர்பாராத நேரத்தில், தானாக, பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

வக்கீலுக்கு இது எப்படித் தெரியும்? கட்சிக்காரனைக் காப்பாற்றுவது அவர் வேலை. எண்ணை உடைக்க வேண்டுமானால் சொன்னவரை உடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார்.

"என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"அஞ்சாவது."

"அஞ்சாவது பாஸா?"

யாரோ சிரித்தார்கள். அளவுக்காரம்மா கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

"நாப்பதாயிரத்துக்கு எத்தனை சைபர்னு எழுதிக் காட்ட முடியுமா?"

"எனக்குக் கணக்குத் தெரியும்."

"சரி. இந்தத் தொழிலை யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. பழைய பேண்ட்டைப் பிரிச்சுப் பார்த்து நானாக் கத்துக்கிட்டேன்."

"அந்தப் பழைய பேண்ட்டெல்லாம் யாரோ ஒருத்தர் பாடுபட்டு வெட்டினதுதானே? அவங்ககிட்டக் கேட்டீங்களா? அவங்களுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அளவுக்காரம்மா இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே இதுவரை யோசித்ததில்லை.

"ஆக, அடுத்தவன் பேண்ட்டைப் பிரிச்சுக் காப்பி அடிச்சது நீங்க. ஐயா, இந்தம்மா ஒரு சாதாரணப் பிசிறு வெட்டுற ஆளு. இவங்க பேட்டர்னை நாப்பதாயிரம் பேர் இல்ல, நாப்பது பேர்கூடச் சீந்த மாட்டாங்க. வேணும்னா அவங்களே சொல்லட்டும். சொல்லுங்கம்மா, உங்ககிட்ட இதுவரைக்கும் காசு குடுத்து வாங்கினது எத்தனை பேர்?"

கேள்வி வந்துவிட்டது. காலையில் எடுத்த முடிவுக்கு வழி திறந்து கிடந்தது. ஒரு எண்ணைச் சொன்னால் போதும். எதிரே பெஞ்சில் மாஸ்டரின் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகளின் உதடுகள் அசைந்தன.

பிசிறு வெட்டுற ஆளு. ஐம்பது வருஷம் நடந்து வந்த தூரத்தை அந்த மனிதர் மூன்று சொல்லில் திருப்பி அனுப்பிவிட்டார். அளவுக்காரம்மாவின் காதில் வேறெதுவும் விழவில்லை.

"நாப்பதாயிரம் பேர்! அதுக்கும் மேல! நீ போட்டிருக்கியே, அந்த பேண்ட்கூட ஒழுங்கா நிக்கல, என்கிட்ட வா, நான் வெட்டித் தரேன். நாப்பதாயிரம் பேர் என் பேட்டர்ன்லதான் தைக்கிறான். எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள்.

மெஷின் காட்டுவது முதல் கைக்குப் போனது மட்டும்தான், அங்கிருந்து போனதைத் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல முடியும், அவர் இரண்டு முறை உறுதியாகச் சொல்லியிருக்கிறார் என்று தீர்ப்பு வந்தது. இரண்டு வருஷம். இது மற்றவர்களுக்கு ஒரு பாடமாக அமையும் என்று நீதிபதி படித்தார். மாஸ்டர் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல. மனைவி அழவில்லை. "மாத்திரை, மாத்திரை, பையில வச்சிருக்கேன்" என்று போலீஸ்காரர் பின்னாலேயே ஓடினார்.

பாடம் படிக்கத்தான் செய்தார்கள். செய்தி வெளிவந்த அன்றே குரூப்பில் ஒருவர் கேட்டார், அப்படி என்னதான் பேட்டர்ன் அது என்று. இன்னொருவர் அனுப்பினார். அதுவரை திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். "பேரை வச்சுத்தான் பிடிச்சாங்களாம், பேரை எடுத்துட்டு அனுப்புங்கப்பா" என்று ஒருவர் எச்சரித்தார். அவ்வளவுதான், முதல் பக்கம் போயிற்று. படம் போயிற்று. அளவு மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. ஒருவர் அதற்குத் தன் பெயரைப் போட்டுக் கடை பரப்பி விற்கவே ஆரம்பித்தார். அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது என்று பிரிவில் கைவிரித்தார்கள்.

ஒரு நாள் மதியம் மருமகள் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். ஒரே ஒரு தளத்தில் மட்டும் எடுத்தவர்கள் எண்ணிக்கை நாற்பத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தது.

"சொன்ன மாதிரியே ஆயிடுச்சு அத்தை" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அளவுக்காரம்மாவுக்கு அதன்பிறகு ஒன்றுகூட விற்கவில்லை. குரூப்பில் அவர் பெயர் வந்தது, ஆனால் வேறு விதமாக. ஒரு மனுசனை உள்ளே தள்ளினவள் என்று. நூல் கடைக்காரர்கூட முகத்தைப் பார்க்காமல் மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

ஐந்தாவது மாதம் சிறைக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். முன்னமே ஒடிசல், இப்போது சட்டை மட்டும் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"உள்ள தையல் வேலை குடுத்திருக்காங்களா?"

"கத்தரிக்கோல் குடுக்க மாட்டாங்க மேடம். துவைக்கிற இடத்துல போட்டிருக்காங்க. சோடாத்தூள்ல கை வெந்து போச்சு." கையைக் காட்டவில்லை. மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார்.

"இருநூத்துப் பன்னெண்டு பேர்தான் என்கிட்ட வாங்கினது" என்றார் அளவுக்காரம்மா. யாரும் கேட்காமலே அந்த எண் அவர் வாயிலிருந்து வந்து விழுந்தது. "அன்னைக்கு அதைச் சொல்லணும்னுதான் வந்தேன்."

மாஸ்டர், "அப்பீல் போட்டிருக்காங்க. அங்க சொல்லுங்க" என்றார். பேச இன்னும் நேரம் இருந்தது. ஆனால் எழுந்து போய்விட்டார்.

மாஸ்டருடைய வக்கீலிடம்தான் போக வேண்டியிருந்தது, அதே ஆள். உண்மையைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு போன் போட்டிருந்தா நான் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டேனேம்மா. 'எத்தனைம்மா வித்தது'ன்னு ஒரே கேள்வி. முடிஞ்சிருக்கும்." பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். "எழுதித் தரேன். ஆனா இதுல கையெழுத்துப் போட்டா, கோர்ட்டுல பொய் சொன்னேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. உங்க மேலயும் கேஸ் வரும்."

"படிச்சுக் காட்டுங்க."

படித்தார். விற்பனை இருநூற்றுப் பன்னிரண்டு என்றும், நாற்பதாயிரம் என்பது எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல, பெருமைக்குச் சொன்னது என்றும் அதில் இருந்தது.

"இன்னொரு தடவை படிங்க" என்றார். இரண்டாவது முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீங்கிய விரலில் பேனா நிற்காமல் நழுவியது.

அப்பீல் விசாரணைக்கு வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் மாஸ்டரின் கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். மனைவி ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டு நீதிபதிகள் அந்தக் காகிதத்தைப் படித்தார்கள். வக்கீல் நன்றாகத்தான் பேசினார். ஒரு மனிதன் மரியாதையோடு பெயரைப் போட்டதற்கு உள்ளே இருக்கிறான், பெயரை அழித்து விற்றவன் வெளியே இருக்கிறான், இந்தத் தண்டனையால் ஒரே ஒரு காப்பியாவது குறைந்ததா என்று கேட்டார். மூத்த நீதிபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்ல நாங்கள் இங்கே உட்காரவில்லை" என்று ஆரம்பித்தார். "இந்த அம்மா போலீஸில் ஒருமுறை, நீதிமன்றத்தில் ஒருமுறை பெரிய எண்ணைச் சொன்னார். இப்போது ஊரார் பழித்த பிறகு சின்ன எண்ணைச் சொல்கிறார். எதை நம்புவது? தன் வாயாலேயே தான் பெருமைக்குப் பொய் சொல்கிறவர் என்று எழுதித் தந்திருக்கிறார். அப்படிப்பட்டவருடைய புதுச் சொல்லை வைத்துத் தீர்ப்பை மாற்ற முடியாது."

தண்டனை அப்படியே நின்றது. பொய்ச் சாட்சிக்கு அளவுக்காரம்மா மேல் தனி வழக்குப் பதியச் சொன்னார்கள்.

"ஐயா, இருநூத்துப் பன்னெண்டுதான். வீட்டுல கம்ப்யூட்டர்ல இருக்கு, எடுத்துப் பாருங்க" என்று எழுந்து நின்று சொன்னார். குரல் மேலே எழும்பவில்லை. அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். காவலர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார், பிறகு வெளியே போகச் சொன்னார்.

தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. ஒரு கோடியில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார், மடியில் பை. அளவுக்காரம்மா மறு கோடியில் உட்கார்ந்தார். மருமகள் குடிக்கத் தண்ணீர் தேடிப் போயிருந்தாள்.

"நான் இப்ப நிஜத்தைத்தான் சொன்னேன்" என்றார்.

"தெரியும்."

"நம்பலியே."

மாஸ்டரின் மனைவி எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மூன்று மணிக்குள் போனால்தான் சிறையில் பார்க்க விடுவார்கள்.

"வீட்டுக்குப் போங்க" என்றார். "இதை அவர்கிட்ட நான் போய்ச் சொல்லணும்."

படிகளில் இறங்கி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.